நல்ல மார்க் வாங்குகிற பிள்ளைக்கு ஐஇபி (சிறப்புக் கல்விக்கான தனித் திட்டம்) கிடைக்குமா? (டெக்சாஸ்)

6 அக்டோபர் 2024, கேள்வி: டல்லாஸ் பக்கத்து அப்பா

பையன் இரண்டாம் வகுப்பு. வாசிப்பு வரவே இல்லை. போன வருஷத்திலிருந்து டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ‘வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், அதனால் இருக்கும், பொறுத்துப் பார்க்கலாம்’ என்கிறார். போன மாதம் பிள்ளைகள் டாக்டர் ஏடிஎச்டி (கவனக் குறைபாடு) என்று லெட்டர் கொடுத்தார். அந்த லெட்டரைக் காட்டினாலே பள்ளி ஐஇபி கொடுத்தாக வேண்டும், சட்டம் அப்படி என்கிறார் நண்பர். சரிதானே? ரிப்போர்ட் கார்டில் எல்லாம் 85க்கு மேல்தான்.

6 அக்டோபர் 2024, இரவு

நண்பர் சொன்னதில் கால்வாசிதான் சரி. லெட்டர் உதவும், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது. ஐடியா சட்டம் (குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கான அமெரிக்க மத்தியச் சட்டம்) இரண்டு கேள்வி கேட்கிறது. பிள்ளை 13 வகைக் குறைபாடுகளில் ஏதாவது ஒன்றில் வருகிறானா? அதனால் அவனுக்கு வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ வந்தால்தான் ஐஇபி. ஏடிஎச்டி ‘அதர் ஹெல்த் இம்பேர்மெண்ட்’ (பிற உடல்நலக் குறைபாடு) வகையில் வரும். அதற்கென்று ஒரு பாரம் இருக்கிறது, டாக்டர் தரப்பில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது முதல் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி, அவ்வளவுதான். இரண்டாவது கேள்வியில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் 85ஐ உங்களிடமே காட்டி, ‘நன்றாகத்தானே படிக்கிறான்?’ என்று ஃபைலை மூடிவிடுவார்கள்.

எங்கள் வீட்டிலும் இதே கதை. பெண் இப்போது ஐந்தாவது, டிஸ்லெக்ஸியா (வாசிப்புக் குறைபாடு). மிச்சம் நாளை.

7 அக்டோபர்

முதலில் எழுதிக் கேளுங்கள். டீச்சரிடம் வாசலில் நின்று சொன்னது, கான்ஃபரன்ஸில் சொன்னது எதுவும் கணக்கில் வராது. பிரின்சிபாலுக்கும், பள்ளி டிஸ்ட்ரிக்டின் ஸ்பெஷல் எட் (சிறப்புக் கல்வி) டைரக்டருக்கும் ஒரே மின்னஞ்சல். ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். பையன் பெயர், வகுப்பு, ‘சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீடு வேண்டும்’ என்று ஒரு வரி, சந்தேகம் எதில் எதில் என்று ஒரு பத்தி. வாசிப்பு, ஸ்பெல்லிங், கவனம் மூன்றையும் சொல்லுங்கள். டாக்டர் ஏடிஎச்டி என்றதால் அதை மட்டும் எழுதினால், வாசிப்புப் பக்கமே போகாமல் சோதனையை முடித்துவிடுவார்கள்.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததிலிருந்து 15 பள்ளி நாளுக்குள் பதில் வந்தாக வேண்டும். ஒன்று, சோதனைக்குச் சம்மதப் பாரம். இல்லாவிட்டால், ஏன் மாட்டோம் என்று காரணத்தோடு எழுத்தில் ஒரு மறுப்பு.

‘முதலில் ஆர்டிஐ முடியட்டும், ஆறேழு வாரம் சிறு குழுவில் வைத்துப் பார்ப்போம்’ என்பார்கள் (பின்தங்கும் பிள்ளைக்குப் பள்ளியிலேயே கூடுதல் உதவி கொடுத்துப் பார்ப்பதுதான் ஆர்டிஐ). பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் அதைச் சாக்காக வைத்துச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்திய கல்வித்துறையே 2011 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியிருக்கிறது. மரியாதையாகவே சொல்லலாம்: ‘இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.’

7 அக்டோபர், மதியம்

15 நாள் என்றதும் ஒருவர் தனிச்செய்தியில் ‘அப்படியானால் ஒரே மாதத்தில் முடிந்துவிடுமா’ என்று கேட்டிருக்கிறார். இல்லை. அது பதில் சொல்ல மட்டும். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு ரிப்போர்ட்டுக்கு 45 பள்ளி நாள், அதன்பின் ஆர்ட் மீட்டிங்குக்கு, அதாவது பெற்றோரும் பள்ளியும் உட்கார்ந்து தகுதியையும் ஐஇபியையும் முடிவு செய்யும் கூட்டத்துக்கு, 30 நாள் (இது மட்டும் காலண்டர் நாள்). நடுவில் தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் லீவு வேறு. இப்போது கேட்டால் பிப்ரவரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களுக்கு. சோதனைக் காலத்தில் பிள்ளை 3 பள்ளி நாளோ அதற்கு மேலோ லீவு போட்டால், அத்தனை நாளையும் பள்ளி தன் கெடுவோடு சேர்த்துக்கொள்ளலாம். மலிவு டிக்கெட் என்று லீவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே கிளம்புவதை இந்த ஒரு வருஷம் விட்டுவிடலாம்.

9 அக்டோபர்

85 மார்க் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

அந்த 85 யாருடைய மார்க்? பையனுடையதா, அவன் அம்மாவுடையதா? கோபப்படாதீர்கள், எங்கள் வீட்டில் அது என்னுடைய மார்க். நான்காம் வகுப்பில் வெள்ளிக்கிழமை தோறும் ஸ்பெல்லிங் டெஸ்ட். திங்கள் முதல் வியாழன் வரை சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து அந்தச் சொற்களை உருப்போட வைப்பேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது, பாட்டு மாதிரி ராகம் போட்டு ஒப்பிப்பாள். வெள்ளிக்கிழமை 100. அடுத்த புதன்கிழமை வகுப்பில் அவளாக எழுதிய டைரிப் பக்கத்தைப் பார்த்தால், அதே ‘பிகாஸ்’ ஒரே பக்கத்தில் மூன்று விதமான ஸ்பெல்லிங்கில் இருக்கும், மூன்றும் தப்பு. டீச்சர் 100ஐத்தான் கிரேடு புத்தகத்தில் ஏற்றுவார். டைரிக்கு ஏது மார்க்?

ஆக, இப்போதே இரண்டு வேலை ஆரம்பியுங்கள். முதலாவது, வகுப்பில் துணையில்லாமல் எழுதிய காகிதங்களைச் சேருங்கள், தேதியோடு. வாராவாரம் ஃபோல்டரில் வருவதைக் குப்பையில் போடாதீர்கள். இரண்டாவது, வீட்டுப்பாடத்தில் கை வைப்பதை நிறுத்துங்கள். மனசு கேட்காது, தெரியும். அவன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான், எந்த இடத்தில் நின்றான், அழுதானா என்று ஓரமாகக் குறித்துவிட்டு முடியாததை முடியாததாகவே அனுப்புங்கள். கூமான் டியூஷன் போகிறானென்றால் அதையும் பள்ளியிடம் சொல்லுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் வெளியே முட்டுக் கொடுத்து அந்த 85 நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

சட்டமும் இதில் நம் பக்கம்தான். பிள்ளை ஃபெயிலாகவில்லை, வகுப்பு ஏறிக்கொண்டே போகிறான் என்பதால் மட்டும் சிறப்புக் கல்வி இல்லையென்று ஆகிவிடாது என்று மத்திய விதிகளிலேயே இருக்கிறது. மார்க்கைப் பார்க்கவே கூடாது என்று அர்த்தமில்லை. மார்க்கை மட்டும் பார்க்கக் கூடாது.

12 அக்டோபர்

‘வீட்டில் தமிழ் பேசுவதால்’. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஆங்கிலம் போதாததுதான் முக்கியக் காரணம் என்றால் பிள்ளையைக் குறைபாடு வகையில் சேர்க்கக் கூடாது. இந்த விதி நல்ல விதி. ஆனால் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வீட்டில் வேறு மொழி என்றாலே சோதிக்கவும் வேண்டாம் என்று வைத்துவிடுகிறார்கள். ஆங்கிலம் கற்கும் பிள்ளை என்பதற்காக மதிப்பீட்டைத் தாமதப்படுத்தக் கூடாது என்று 2015 ஜனவரியில் கல்வித்துறையும் நீதித்துறையும் சேர்ந்தே பள்ளிகளுக்கு எழுதின (பின்னர் சேர்த்தது: அந்தக் கடிதம் 2025இல் திரும்பப் பெறப்பட்டது). பிள்ளையின் மொழியிலேயே சோதிக்க முடியுமென்றால் அப்படித்தான் சோதிக்க வேண்டும். தமிழ் தெரிந்த டயக்னாஸ்டிஷியன் (சோதனை செய்பவர்) கிடைப்பது குதிரைக்கொம்பு, அது வேறு விஷயம். மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், செலவு பள்ளியுடையது.

எங்கள் பெண் இங்கேயே பிறந்தவள். டேகேரிலிருந்தே ஆங்கிலம்தான், தூக்கத்தில் உளறுவதும் ஆங்கிலத்தில். தமிழ்ப் பள்ளி ஆசிரியை (அவரும் தன்னார்வலர்தான், பாவம்) ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘மற்ற பிள்ளைகள் ல, ள குழப்புவார்கள், அது எல்லாருக்கும் உள்ளது. இவள் க, கா, கி தனித்தனியாகச் சொல்கிறாள், சேர்த்து ஒரு சொல்லாகப் படிக்கச் சொன்னால் படத்தைப் பார்த்து ஊகிக்கிறாள்’ என்றார். ஆங்கிலத்திலும் அச்சு அசல் அதையேதான் செய்தாள். இரண்டு மொழியிலும் ஒரே இடத்தில் தடுக்கினால் மொழியைக் குறை சொல்ல முடியுமா? அவரிடமே நாலு வரி எழுதி வாங்கி மனுவோடு இணைத்தேன். நீங்களும் வாங்குங்கள்.

சேர்க்கையின்போது தரும் வீட்டு மொழிப் பாரத்தில் தமிழை மறைத்து ஆங்கிலம் என்று போடச் சொல்லி ஒரு யோசனை இங்கே உலவுகிறது. வேண்டாம். பின்னால் மொழி வரலாறு கேட்கும்போது இரண்டும் ஒத்துவராமல் தர்மசங்கடம்.

20 அக்டோபர்

கேள்வி கேட்டவர் கடிதம் அனுப்பிவிட்டாராம். நல்லது. அவர் வீட்டில் பாட்டிக்குச் சம்மதமில்லையாம்: ‘அவங்கப்பனும் லேட்டாத்தான் படிச்சான், இப்ப அமெரிக்காவுல இல்லையா?’

பாட்டியை எதிர்த்துப் பேசாதீர்கள், அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்! சோதனைக்கு முன்னால் பெற்றோர் தகவல் பாரம் ஒன்று வரும். அதில் குடும்பத்தில் யாருக்காவது வாசிப்புச் சிரமம் உண்டா என்ற கேள்வி அநேகமாக இருக்கும். டிஸ்லெக்ஸியா குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது. என் வீட்டுக்காரர் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் இரண்டாம் தாளை முழுக்க மனப்பாடத்திலேயே ஓட்டியவர், கடிதம் எழுதும் கேள்விக்குக்கூட நோட்ஸில் இருந்த முகவரியையே எழுதிவிட்டு வந்தவர். இருபத்தைந்து வருஷம் இதை நகைச்சுவையாகச் சொல்லித் திரிந்தவர், அந்தப் பாரத்தை நிரப்பும்போது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

வாட்ஸாப்பில் சுற்றுகிற இன்னொரு பயம்: ஸ்பெஷல் எட் வாங்கினால் ‘பப்ளிக் சார்ஜ்’ (அரசு உதவியை நம்பி வாழ்பவர்) ஆகி கிரீன் கார்டு போய்விடும் என்று. போகாது. பொதுப்பள்ளிக் கல்வியும் அதில் அடங்கும் ஐஇபி சேவைகளும் அந்தக் கணக்கில் வருவதில்லை. விசா எந்த நிலையில் இருந்தாலும் பிள்ளைக்குப் பொதுப்பள்ளி உண்டு. 1982இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொன்ன வழக்கே டெக்சாஸிலிருந்து போனதுதான்.

8 நவம்பர்

சம்மதப் பாரம் வந்துவிட்டதாம். கூடவே, ‘சோதனையெல்லாம் எதற்கு, உடனே 504 போட்டுத் தருகிறோம்’ என்று ஒரு போன் (504 என்பது ஐஇபி இல்லை, பெரும்பாலும் வகுப்பிலும் தேர்விலும் சலுகை தரும் வேறொரு திட்டம்). வாங்காதீர்கள்!! எங்களுக்கு 2022இல் இதைத்தான் கொடுத்தார்கள். தேர்வில் கூடுதல் நேரம், முன் வரிசை, டிஸ்லெக்ஸியா வகுப்பு. வகுப்பு நடந்தது. ஆனால் இந்த வருஷம் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு வருவாள் என்ற இலக்கும் இல்லை, அளந்து சொல்ல ஆளும் இல்லை. கேட்டால் ‘ஷி ஈஸ் எ ஜாய்’ என்பார்கள். ஜாய்தான், யார் இல்லையென்றது?

அப்போதெல்லாம் டெக்சாஸில் டிஸ்லெக்ஸியா என்றாலே 504 பக்கம் தள்ளிவிடுவது வழக்கம். 2023 ஜூனில் ஹவுஸ் பில் 3928 வந்தபிறகு மாறிவிட்டது. டிஸ்லெக்ஸியா சந்தேகம் என்றால் ஐடியா சட்டத்தின்படி முழு மதிப்பீடு செய்தாக வேண்டும். நாங்கள் அதை வைத்துத்தான் நான்காம் வகுப்பில் திரும்பக் கேட்டு, ஐஇபி வாங்கினோம்.

10 நவம்பர்

முந்தாநாள் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன் போல. 504 எல்லாருக்கும் வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் நாத்தனார் பையனுக்கும் ஏடிஎச்டி. வாசிப்பு, கணக்கு எல்லாம் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாது, தேர்வில் பாதிக் கேள்வியை விட்டுவிடுவான். அவனுக்குப் புதிதாக எதையும் வேறு முறையில் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தனி அறை, இடைவேளை, கூடுதல் நேரம் போதும். அதற்கு 504 கச்சிதம். உங்கள் பையனுக்கு எழுத்தைச் சேர்த்துப் படிக்கவே வரவில்லை என்கிறீர்கள். படிக்கத் தெரியாத பக்கத்தைக் கூடுதலாக அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்து என்ன ஆகப்போகிறது?

சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போடுங்கள். தேதி எழுத மறக்காதீர்கள், அது பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் அந்த 45 பள்ளி நாள்.

1 டிசம்பர்

பொதுவாக ஒரு கேள்வி வந்திருக்கிறது: ‘பள்ளிகள் ஏன் இப்படி இழுக்கின்றன, டீச்சர்கள் கெட்டவர்களா?’ இல்லவே இல்லை. என் பெண்ணின் நான்காம் வகுப்பு டீச்சர் இல்லாவிட்டால் அந்த டைரிப் பக்கங்களே கிடைத்திருக்காது.

டெக்சாஸுக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. 2004இலிருந்து மாநிலக் கல்வித்துறை, மாணவர்களில் 8.5 சதவீதத்துக்கு மேல் ஸ்பெஷல் எட்டில் இருந்தால் அந்த டிஸ்ட்ரிக்டுக்குக் கண்காணிப்பில் மோசமான மதிப்பெண் வருகிற மாதிரி ஒரு அளவுகோல் வைத்திருந்தது. 12 சதவீதத்தை ஒட்டி இருந்த மாநில எண்ணிக்கை சரிந்து சரிந்து சொல்லி வைத்தாற்போல 8.5இல் வந்து நின்றது. 2016இல் ஹூஸ்டன் க்ரானிக்கிள் அதைத் தொடர் கட்டுரைகளாக வெளிக்கொண்டுவந்தது. 2017இல் சட்டம் போட்டு அளவுகோலை ஒழித்தார்கள். 2018 ஜனவரியில் மத்திய கல்வித்துறை, டெக்சாஸ் சட்டத்தை மீறியது என்றே முடிவு சொன்னது. அத்தனை வருஷம் ‘பொறுத்துப் பார்க்கலாம்’ என்று பழகிய வாய் ஒரே நாளில் மாறிவிடுமா? ஆளும் பற்றாக்குறை.

31 ஜனவரி 2025

ரிப்போர்ட் வந்துவிட்டதாம், கெடுவுக்குள்ளேயே. பக்கம் பக்கமாக இருக்கிறது, எங்கே ஆரம்பிப்பது என்கிறார். கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். தகுதி உண்டா, எந்த வகையில், என்ன பரிந்துரை. அப்புறம் அட்டவணைகளுக்குப் போங்கள்.

ஸ்டாண்டர்ட் ஸ்கோர் என்றால் சராசரி 100. அது மார்க் இல்லை! அவர் 85ஐப் பார்த்துவிட்டு ‘பரவாயில்லையே’ என்றிருக்கிறார். 85 என்றால் 16வது பர்சன்டைல், அதாவது நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் கிட்டத்தட்ட 84 பேர் அவனுக்கு முன்னால். 90 என்றால் 25வது பர்சன்டைல். அதை ‘சராசரிக்குள்’ என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுவார்கள், நாமும் நிம்மதியாகத் தலையாட்டிவிடுவோம். பர்சன்டைல் பத்தியை மட்டும் விரலால் ஓட்டிப் பாருங்கள், கதை வேறு மாதிரி இருக்கும்.

மொத்த ஸ்கோரோடு நிற்காமல் உள்ளே போங்கள். என் பெண்ணுக்கு ‘வாசிப்புப் புரிதல்’ நன்றாக இருந்தது, கதையைப் பிடித்துக்கொள்ளுவாள். அர்த்தமில்லாத புதுச் சொல்லைப் படிக்கச் சொன்னதில் அதலபாதாளம். ஊகிக்க அங்கே படமும் இல்லை, கதையும் இல்லை. அறிவுத்திறனுக்கும் வாசிப்புக்கும் பெரிய இடைவெளி இருந்தாக வேண்டும் என்று யாராவது சொன்னால், மாநிலங்கள் அந்த இடைவெளியைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2004 திருத்தம் சொல்லியாயிற்று.

ரிப்போர்ட் ஒத்துவரவில்லை என்றால் பள்ளிச் செலவில் வெளி நிபுணரைக் கொண்டு மறு மதிப்பீடு கேட்கலாம். ஒன்று, பள்ளி அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தன் மதிப்பீடு சரிதான் என்று விசாரணைக்குப் போய் நிரூபிக்க வேண்டும். சும்மா ‘முடியாது’ என்று உட்கார முடியாது. நம் கைக்காசில் தனியாகச் சோதித்த ரிப்போர்ட்டைக் கொடுத்தால் அதைப் பள்ளி பரிசீலித்தாக வேண்டும், ஆனால் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமில்லை. பெரும் பணத்தை அதில் முதலிலேயே கொட்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

9 பிப்ரவரி

அடுத்த வாரம் அவருக்கு ஆர்ட் மீட்டிங். சில விஷயங்கள், வேகமாக.

ரிப்போர்ட்டை மீட்டிங்குக்கு 5 பள்ளி நாள் முன்னாலேயே கையில் தர வேண்டும் என்பது விதி. உங்களுக்குக் கிடைத்தாயிற்று, படித்துவிட்டுப் போங்கள். இருவரும் போங்கள். என் வீட்டுக்காரர் மென்பொருள்காரர், மீட்டிங் என்றாலே கேமராவை அணைத்துவிட்டு மியூட்டில் இருந்து பழகியவர். ஆறேழு பேர் எதிரே உட்கார்ந்து எழுத்துச் சுருக்கங்களாகப் பேசியபோது அவருடைய ஒரே பங்களிப்பு, ‘நிறுத்துங்கள், கடைசியாகச் சொன்னதை மறுபடி சொல்லுங்கள்’ என்பது. அதுவே பெரிய உதவி. ஒலிப்பதிவு செய்யலாம், முதலிலேயே சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

‘வகுப்பில் நன்றாகத்தான் செய்கிறான்’ என்று வந்தால் பேச வேண்டாம், காகிதத்தை வையுங்கள். நான் வெள்ளிக்கிழமை 100ஐயும் அடுத்த புதன்கிழமை டைரிப் பக்கத்தையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். டயக்னாஸ்டிஷியன் இரண்டையும் தன் பக்கம் இழுத்து, தேதிகளைப் பார்த்தார். பிறகு டீச்சரிடம், ‘இது உதவி இல்லாமல் எழுதியதா?’ என்று கேட்டார். ‘ஆமாம்’ என்றார் டீச்சர். தேவை பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

இலக்குகளில் ‘வாசிப்பு மேம்படும்’ என்று இருந்தால் விடாதீர்கள். இப்போது நிமிடத்துக்கு எத்தனை சொல், வருஷ முடிவில் எத்தனை, யார் எப்போது அளப்பார், அது வேண்டும். பிள்ளையின் நிலைமைக்கு ஏற்ற முன்னேற்றம் வருகிறபடி திட்டம் இருக்க வேண்டும், பேருக்கு ஏதோ செய்தால் போதாது என்று 2017இல் எண்ட்ரூ எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒத்துவரவில்லை என்றால் மேசையிலேயே சண்டை வேண்டாம். 10 பள்ளி நாளுக்கு மிகாத இடைவெளி கேட்டு, யோசித்து, மறுபடி கூடலாம்.

22 பிப்ரவரி

கிடைத்துவிட்டது! ‘ஸ்பெசிஃபிக் லேர்னிங் டிஸெபிலிட்டி’ (குறிப்பிட்ட கற்றல் குறைபாடு) வகையில், டிஸ்லெக்ஸியா என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்களாம். ஏடிஎச்டி வகையில் தகுதி தரவில்லை, அது பற்றி அவருக்கு மனக்குறை. விடுங்கள். வகை எதுவானாலும் பிள்ளைக்குத் தேவையானதைத் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும், கவனத்துக்கான இலக்கையும் இதிலேயே போடலாம். சேவை தொடங்கத் தனியாக ஒரு சம்மதக் கையெழுத்து இருக்கிறது, சோதனைக்குப் போட்டது இதற்குச் செல்லாது. அதைப் போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள்.

பாட்டி என்ன சொன்னார் என்று கேட்டேன். ‘அப்பவே இருந்திருந்தா இவங்கப்பனுக்கும் வாங்கியிருக்கலாம்’ என்றாராம்.

3 மார்ச்

அவரே மறுபடியும். வேலை மாறுகிறது, ஜூனில் நியூஜெர்சி போகிறார்களாம், எல்லாம் முதலிலிருந்தா என்று பதறுகிறார். முதலிலிருந்து இல்லை. அங்கே சேர்ந்ததும் இப்போதுள்ள ஐஇபிக்கு நிகரான சேவையைப் புதுப் பள்ளி கொடுக்க வேண்டும். அந்த மாநில விதிப்படி புதிதாகச் சோதிக்க வேண்டுமென்றால் சோதித்துக்கொள்ளட்டும், அதுவரை சேவை நிற்கக் கூடாது. இங்கிருந்து கிளம்பும் முன் ரிப்போர்ட், ஐஇபி, கடைசி முன்னேற்ற அறிக்கை மூன்றின் நகலையும் வாங்கிவிடுங்கள். கோடையில் ஆபீஸில் ஆள் இருக்கமாட்டார்கள், மே மாதமே கேளுங்கள். பள்ளிக்குப் பள்ளி அனுப்பிக்கொள்வார்கள் என்று நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். மூவர்ஸ் பெட்டியிலும் போட வேண்டாம், கைப்பையில் வையுங்கள்.